கேளாமல் வரும் திருத்தம்

வீட்டுக் கணிப்பொறிகளின் கட்டாயப் புதுப்பிப்பு பற்றி ஒரு விமரிசனம்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவரே அதன் உடைமையாளர். மாட்டு வண்டிக்கும், மிதிவண்டிக்கும், தையல் இயந்திரத்திற்கும் இந்த விதி பொருந்தும். வண்டிக்கு எப்போது மை போடுவது, தையல் இயந்திரத்திற்கு எப்போது எண்ணெய் விடுவது என்பதை வைத்திருப்பவரே முடிவு செய்கிறார். விற்ற கடைக்காரர் நள்ளிரவில் வீடு புகுந்து பாகங்களைக் கழற்றி மாட்டிவிட்டுப் போவதில்லை. அப்படிப் போனால் ஊரே கூடிவிடும். ஆனால் வீட்டில் உள்ள கணிப்பொறிக்கு இந்த விதி பொருந்தவில்லை. அதை விற்றவர் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு, தாம் விரும்பும் நேரத்தில், தாம் விரும்பும் பாகத்தை மாற்றுகிறார். நாம் திரையில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். 'கணிப்பொறியை அணைக்க வேண்டாம்' என்று அதுவே நமக்குக் கட்டளை இடுகிறது.

'அப்டேட்' என்று எல்லோரும் சொல்லும் இந்தப் புதுப்பிப்பு தேவையானதா? தேவையானதெனில் அதைக் கட்டாயமாக்குவது முறையா? அந்தக் கட்டாயத்தின் செலவை யார் ஏற்கிறார்கள்? இம்மூன்று கேள்விகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வோம்.

திருத்தம் எதற்கு?

கணிப்பொறியின் பொறிப் பாகங்களுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று வேலை வாங்கும் நிர்வாகியே இயக்க மென்பொருள். விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதும், கோப்பைத் தட்டில் எழுதி வைப்பதும், அச்சுப் பொறியை இயக்குவதும் அதன் வேலைகள். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரல்கள். மனிதர் எழுதிய இத்தனை வரிகளில் பிழை இல்லாமல் இருக்க முடியாது. சில பிழைகள் வேலையைக் கெடுக்கும். வேறு சில பிழைகளோ, பூட்டிய வீட்டின் பின்கதவு திறந்து கிடப்பது போன்றவை. தீயவர்கள் அவ்வழியே நுழைந்துவிடுவார்கள்.

இதற்கு 2017ஆம் ஆண்டு நல்ல சான்று. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த பெரும் ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தைப் போடாதவர்கள் உலகெங்கும் இருந்தனர். சரியாக இரண்டு மாதம் கூட ஆகவில்லை. மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் நாச நிரல் அதே ஓட்டையின் வழியே புகுந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளை முடக்கியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறப்பதற்கு 300 டாலர் பிணைப்பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. நம் அண்டை மாநிலங்களும் தப்பவில்லை. கேரளத்தில் வயநாடு மாவட்டத்தின் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகளும், ஆந்திரக் காவல் துறையின் சில கணிப்பொறிகளும் பாதிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 உள்ளவை.

ஆகவே முதல் கேள்விக்கு விடை தெளிவு. பாதுகாப்புத் திருத்தம் தேவை. அதைப் போடாமல் இருப்பவர் தமக்கு மட்டும் தீங்கு தேடிக்கொள்ளவில்லை. தம் கணிப்பொறியிலிருந்து நோய் பக்கத்துக் கணிப்பொறிக்கும் பரவ இடம் கொடுக்கிறார். புதுப்பிப்பைப் பற்றிக் குறை சொல்லும் எவரும் இந்த உண்மையை மறைக்கக் கூடாது.

ஒரே கட்டில் இரண்டு சரக்கு

குறை எங்கே தொடங்குகிறது? புதுப்பிப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சரக்குகள் வருகின்றன. ஒன்று, மேலே சொன்ன பாதுகாப்புத் திருத்தம். இது அளவில் சிறியதாக இருக்கலாம். நாம் வேலை செய்யும் முறையை மாற்றாது. மற்றொன்று, புதிய வசதிகள், புதிய தோற்றம், நிறுவனத்தின் பிற சேவைகளுக்கான அழைப்புகள் ஆகியவை அடங்கிய பெரிய மாற்றம். முதலாவது நம் நன்மைக்கானது. இரண்டாவதில் நம் நன்மையும் இருக்கலாம், நிறுவனத்தின் நன்மையும் இருக்கலாம்.

முன்பு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருந்தது. விண்டோஸ் 7இல் நான்கு வழிகள் தரப்பட்டிருந்தன. தானாகப் போட்டுக்கொள், இறக்கி வை, போடுவதை நான் முடிவு செய்கிறேன், வந்திருப்பதை மட்டும் சொல், ஒன்றுமே வேண்டாம் என்பன அவை. ஒவ்வொரு திருத்தமும் தனித்தனி எண்ணோடு பட்டியலில் நின்றது. வேண்டாததன் அருகில் உள்ள குறியை நீக்கிவிடலாம். 2016 அக்டோபரிலிருந்து இந்தப் பழைய மென்பொருளுக்கும் மாதாந்தரத் திருத்தங்கள் ஒரே தொகுப்பாகக் கட்டி அனுப்பப்பட்டன.

2015 ஜூலை 29இல் வந்த விண்டோஸ் 10இன் வீட்டுப் பதிப்பில் முதல் வழி தவிர மற்ற மூன்று வழிகளும் அடைபட்டன. பாதுகாப்புத் திருத்தமும் பெரிய மாற்றமும் தானாகவே வரும், மறுக்க முடியாது. அதே மென்பொருளின் தொழில் பதிப்பை அதிக விலை கொடுத்து வாங்கியவர் பெரிய மாற்றங்களைச் சில மாதம் தள்ளிப்போடலாம். பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பில் இன்னும் கூடுதலான உரிமை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றத்தில் கோளாறு இருந்தால் அதை முதலில் சந்திப்பவர் வீட்டுப் பதிப்புக்காரர். அவர் வீட்டில் வெளிப்பட்ட கோளாறு சரி செய்யப்பட்ட பின்னரே அது நிறுவனங்களைச் சென்றடையும். சம்பளம் இல்லாத சோதனையாளராக வீட்டுப் பயனரை ஆக்கியது இந்த ஏற்பாடு.

அம்மை குத்த வந்தவர் ஊசியைப் போட்டுவிட்டு, போகிற போக்கில் வீட்டுக் கூரையையும் பிரித்து வேறு ஓடு வேய்ந்துவிட்டுப் போனால் என்ன சொல்வோம்? ஊசி வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். கூரையைத் தொட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்போம். இங்கும் கேள்வி அதுவே.

'இல்லை' என்பதே 'சரி' ஆனது

கட்டாயம் எந்த எல்லைக்குச் செல்லும் என்பதை விண்டோஸ் 10 பரவிய வரலாறு காட்டுகிறது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தோருக்கு ஓராண்டுக்கு அது இலவசம் என அறிவிக்கப்பட்டது. இலவசம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கேளாதவர்களின் கணிப்பொறிகளிலும் அதன் கோப்புகள் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டன. 2015 செப்டம்பரில் இதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அக்கோப்புகளின் அளவு 3.5 முதல் 6 ஜிகாபைட் வரை. 2016 மே மாதத்தில் இதைவிட வியப்பான செயல் நடந்தது. மாற்றத்துக்கு நாள் குறித்து ஓர் அறிவிப்புக் கட்டம் திரையில் தோன்றும். அதன் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், குறித்த நாளுக்கு ஒப்புதல் அளித்ததாகக் கொள்ளப்பட்டது! இருபது ஆண்டுகளாக 'வேண்டாம், மூடு' என்று பொருள்பட்ட குறிக்கு ஒரே நாளில் 'சரி' என்று பொருள் வந்துவிட்டது.

கலிபோர்னியாவில் பயண முகவர் ஒருவர் தம் அலுவலகக் கணிப்பொறி இம்மாற்றத்தால் பழுதானதாக வழக்குத் தொடர்ந்து 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். நிறுவனம் மேல்முறையீட்டைக் கைவிட்டதும் 2016 ஜூனில் செய்தியாயிற்று. ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநில நுகர்வோர் மையம் நீதிமன்றம் சென்றது. இனி ஒப்புதல் இன்றிக் கோப்புகளை இறக்க மாட்டோம் என்று 2017 ஆகஸ்டில் நிறுவனம் உறுதி கூறியது. நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவராக இருந்த கிறிஸ் கப்போசெலாவே, அந்தப் பெருக்கல் குறி விஷயத்தில் எல்லை மீறிவிட்டோம் என்று 2016 டிசம்பரில் ஒப்புக்கொண்டார். பயனர்கள் கேட்டதனால்தான் இவை நடந்தன என்பதை நினைவில் வைப்போம்.

பரளச்சியில் ஒரு கணக்கு

இரண்டு லட்சம் கணிப்பொறிகள், 150 நாடுகள் என்றெல்லாம் பேசினோம். இனி நம் ஊருக்கு வருவோம். விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் உள்ளது பரளச்சி. வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தியும் மிளகாயும் மக்காச்சோளமும் மழையை நம்பி விளைகின்ற பகுதி. இங்கே ஒரு வீட்டில் கல்லூரி மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். வீட்டில் ஒரு மடிக்கணினி. தனி இணைய இணைப்பு இல்லை. அண்ணனின் கைப்பேசியில் நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட் டேட்டா கிடைக்கிறது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து அதன் வழியே மடிக்கணினியை இணைக்கிறாள். உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்ப அன்றே கடைசி நாள்.

அதே வேளையில் 3.5 ஜிகாபைட் அளவுள்ள பெரிய மாற்றம் ஒன்று காத்திருக்கிறது. மடிக்கணினிக்குக் கைப்பேசியின் இணைப்பும் ஒரு வைஃபைதான். நாம் தனியே சொல்லாவிட்டால், அளவில்லாத இணைப்பு என்றே பெரும்பாலும் அது எண்ணிக்கொள்ளும். இறக்கத் தொடங்கிவிடும். இனிக் கணக்குப் போடுவோம்.

ஒரு பைட்டுக்கு 8 பிட். 1.5 ஜிகாபைட் என்பது 1,200 கோடி பிட். இணைப்பின் வேகம் நொடிக்கு 5 மெகாபிட், அதாவது 50 லட்சம் பிட் என்று கொண்டால், 1,200 கோடியை 50 லட்சத்தால் வகுக்க 2,400 நொடிகள் வரும். நாற்பதே நிமிடத்தில் அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிடும். தீர்ந்த பின் பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் ஆகக் குறைகிறது. அந்த வேகத்தில் 2 மெகாபைட் எடையுள்ள ஒரு விண்ணப்பப் பக்கம் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? 160 லட்சம் பிட்டை 64,000ஆல் வகுக்க 250 நொடி. நான்கு நிமிடத்துக்கும் மேல். அதுவும் புதுப்பிப்பு அந்தக் குறுகிய வழியிலும் பங்கு கேட்காமல் இருந்தால்! பக்கம் திறப்பதற்குள் அரசுத் தளம் 'நேரம் முடிந்தது' என்று வெளியே தள்ளிவிடும்.

மறுநாளின் 1.5 ஜிகாபைட்டும், மூன்றாம் நாளின் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால்தான் அந்த ஒரு மாற்றம் முழுமையாக இறங்கும். குடும்பம் காசு கொடுத்து ரீசார்ஜ் செய்த டேட்டா அது. இத்துடன் மற்றொன்றும் உண்டு. விண்டோஸ் 10 வெளிவந்தபோது, ஒருவர் இறக்கிய புதுப்பிப்பின் துண்டுகளை இணையத்தில் உள்ள முகம் தெரியாத வேறு கணிப்பொறிகளுக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடு, வீட்டுப் பதிப்பில் தானாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் விநியோகச் செலவில் ஒரு பகுதி இவ்வாறு பயனரின் தலையில் ஏற்றப்பட்டது.

நொடிக்கு நூறு மெகாபிட் வரும் கம்பி இணைப்பு உள்ள ஊரில் 3.5 ஜிகாபைட் என்பது ஐந்து நிமிட வேலை. வடிவமைத்தவர்கள் அப்படிப்பட்ட ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. பரளச்சி அவர்கள் கணக்கில் வரவில்லை, அவ்வளவே. ஆனால் கணக்கில் வராதவர் செலுத்தும் விலை உண்மையான விலை.

தவறினால் யார் பொறுப்பு?

'வல்லுநர் செய்கிறார், நாம் நம்பி விட்டுவிடலாம்' என்று சிலர் கூறலாம். வல்லுநரும் தவறுவர். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மாற்றம் சிலருடைய ஆவணக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் அது நிறுத்தப்பட்டு, குறை நீக்கி நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிடப்பட்டது. புகார் செய்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவே என்று நிறுவனம் தெரிவித்தது. பத்தாயிரத்தில் ஒருவர் என்பது சிறிய விகிதம்தான். ஆனால் அந்த ஒருவருக்கு இழப்பு நூற்றுக்கு நூறு.

2021 மார்ச் 9 அன்று வந்த மாதாந்தரத் திருத்தம், கியோசெரா, ரிக்கோ முதலிய சில அச்சுப் பொறிகளுக்கு அச்சிடக் கட்டளை கொடுத்தவுடன் கணிப்பொறி நீலத்திரை காட்டி நிற்கும்படி செய்தது. மாற்றுத் திருத்தம் வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் மட்டுமன்றித் தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும், ஜெராக்ஸ் கடைக்காரரின் பிழைப்பு ஒரு கணிப்பொறியையும் ஒரு நகல் பொறியையும் நம்பியிருப்பது. தேர்வு நுழைவுச் சீட்டு எடுக்க வரிசையில் மாணவர் நிற்கும் காலத்தில் இப்படி ஒரு வாரம் போனால் அவர் யாரிடம் முறையிடுவார்?

2024 ஜூலை 19 நிகழ்ச்சி இன்னும் பெரியது. அது இயக்க மென்பொருளின் திருத்தமன்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாக அனுப்பப்பட்ட ஒரு கோப்பு. அதில் இருந்த பிழையால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் உலகெங்கும் செயலிழந்தன. நிறுவனம் பிழையான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றது. ஆனால் விழுந்தவை எழப் பல நாட்கள் ஆயின. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். இண்டிகோ நிறுவனம் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்துச் செய்தது. தானாகச் செல்லும் திருத்தம், சிறு தொகுதிகளாகச் செல்லாமல் எல்லோருக்கும் ஒரே வேளையில் சென்றால் நேரும் விபரீதத்துக்கு இது எடுத்துக்காட்டு.

கட்டாயம் தன் நோக்கத்தையே கெடுக்கிறது

கட்டாயப் புதுப்பிப்பின் மீது சொல்லக்கூடிய மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுதான். டேட்டாவை இழந்தவர், வேலையை இழந்தவர், ஓர் இரவு முழுதும் சுழலும் வட்டத்தைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்கிறார்? பழுது பார்ப்பவரிடம் சென்று, 'இந்த அப்டேட்டே வராதபடி செய்து கொடுங்கள்' என்கிறார். அவரும் உள்ளே சென்று புதுப்பிப்புப் பணியையே முடக்கிவிடுகிறார். அன்றிலிருந்து தோற்ற மாற்றமும் வராது. பாதுகாப்புத் திருத்தமும் வராது. அடுத்த வான்னாக்ரைக்கு அந்தக் கணிப்பொறி கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். எந்தத் தீமையைத் தடுக்கக் கட்டாயம் கொண்டுவரப்பட்டதோ, அதே தீமைக்குக் கட்டாயமே வழி செய்கிறது. பாதுகாப்பு என்பது நம்பிக்கையின் மேல் நிற்பது. நம்பிக்கையை ஒருமுறை இழந்தபின் நல்ல மருந்தைக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள்.

'மக்களிடம் விட்டால் யாரும் திருத்தம் போட மாட்டார்கள். வான்னாக்ரையே அதற்குச் சான்று' என்பது எதிர்வாதம். இது வலுவான வாதமே. 2003 ஆகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' நிரலும், முந்தைய மாதமே திருத்தம் வெளியான ஓட்டையின் வழியாகத்தான் நுழைந்தது. ஆயினும் இந்த வாதம் பாதுகாப்புத் திருத்தத்தைத் தானாக அனுப்புவதை மட்டுமே நியாயப்படுத்தும். புதிய தோற்றத்தையும் விளம்பரத்தையும் அதே கட்டில் வைத்து அனுப்புவதை நியாயப்படுத்தாது. மாணவி விண்ணப்பம் அனுப்பும் நேரத்தில் அனுப்புவதையும் நியாயப்படுத்தாது.

கரிசல் நாட்டில் கண்மாய்ப் பாசனம் நடக்கும் முறையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். மடையைத் திறப்பவர் ஒருவரே. ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி திறந்தால் கடைமடைக்கு நீர் போகாது. ஆனால் அவர் ஆயக்கட்டுக்காரர்களின் முறையை அறிந்து திறக்கிறார். களத்தில் மிளகாய் காயும் நாளில் யாரையும் கேளாமல் நீரைத் திருப்பிவிடுவதில்லை. பொதுப் பாதுகாப்புக்காக ஒருவரிடம் அதிகாரம் இருப்பது வேறு; கேட்க வேண்டியதில்லை என்று அவர் எண்ணிக்கொள்வது வேறு.

வேறு முறை உண்டா?

உண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கெனத் தனிக் களஞ்சியம் இருக்கிறது. ஒரு பதிப்பை நிறுவியவருக்கு அப்பதிப்பின் ஆயுட்காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தங்களும் கடும் பிழைகளுக்கான திருத்தங்களும் மட்டுமே வரும். அடுத்த பெரிய பதிப்புக்கு எப்போது மாறுவது என்பதைப் பயனர் தீர்மானிப்பார். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் இந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. மாணவர் பலர் விண்டோஸை மட்டுமே திறந்தனர். மற்றதன் பயனை எடுத்துச் சொல்லப் பள்ளியில் ஆள் இல்லை. லினக்ஸ் உலகமும் குற்றமற்றதன்று. உபுண்டுவில் 'ஸ்னாப்' வகை நிரல்கள் பயனரைக் கேளாமல் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கம் அங்கும் சச்சரவை உண்டாக்கியது. ஆகவே இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமன்று. தொழிலின் போக்கே அப்படி.

எதிர்ப்பின் விளைவாக விண்டோஸிலும் சில மாற்றங்கள் வந்தன. 2016இல், குறிப்பிட்ட வேலை நேரத்தில் மறுதொடக்கம் செய்யாதே என்று சொல்ல வழி ஏற்பட்டது. 2019 மே மாத மாற்றத்திலிருந்து வீட்டுப் பதிப்புக்காரரும் 35 நாள் வரை புதுப்பிப்பை நிறுத்தி வைக்கலாம். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பக் கிடைத்த இந்தச் சிறு உரிமை, தொடக்கத்திலேயே கொடுத்திருக்கக் கூடியது.

வேண்டாதபோது வந்தது, வேண்டும்போது நின்றது

இக்கதையின் பிற்பகுதி இன்னும் விந்தையானது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்டன. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2018க்குப் பிந்தைய செயலியும் வேண்டும். திட்டத்தின் முதல் ஆண்டுகளில் மாணவர் பெற்ற மடிக்கணினிகளில் இவை இல்லை. ஆக, வேண்டாம் என்றபோது வலிந்து வந்த புதுப்பிப்பு, தேவை என்னும்போது 'உன் பொறி பழையது' என்று கையை விரிக்கிறது. வருவதும் போவதும் இரண்டுமே நம் முடிவில் இல்லை. நன்றாக ஓடும் பொறியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்பது பரளச்சிக் குடும்பத்துக்கு எளிதான அறிவுரையன்று.

சட்டமும் நாமும்

2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம், புதுப்பிப்பால் பழைய கைப்பேசிகளை மந்தமாக்கியதற்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, பயனரை ஏமாற்றும் 13 வகைத் திரை வடிவமைப்புகளைத் தடை செய்யும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஓயாமல் நச்சரிப்பதும், வேண்டாத செயலைச் செய்யக் கட்டாயப்படுத்துவதும், 'வேண்டாம்' என்னும் பொத்தானை மறைத்து வைப்பதும் அந்தப் பட்டியலில் உள்ளன. வாணிகத் தளங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட இந்நெறிகளை, புதுப்பிப்புக் கட்டங்களுக்கும் தெளிவாக விரித்துச் சொல்ல வேண்டும். அரசு தரும் கணிப்பொறிகளுக்கு ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, பாதுகாப்புத் திருத்தம் தனியே வர வேண்டும், இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து வர வேண்டும் என்ற நிபந்தனைகளைச் சேர்க்கலாம். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கத் தமிழக அரசு 2025 மார்ச்சில் அறிவித்தது. இத்தனை பெரிய கொள்முதல் செய்பவரின் சொல்லுக்கு விற்பவர் செவி சாய்ப்பார்.

அதுவரை வீட்டில் நாமே செய்யக்கூடியவை சில உண்டு. கைப்பேசி வழியாக இணைக்கும்போது, அமைப்புகளில் அந்த இணைப்பை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று குறித்து வையுங்கள். மிக அவசியமானவை தவிர மற்றவை அதன் வழியே இறங்கா. பிற கணிப்பொறிகளுக்குத் துண்டுகளை அனுப்பும் விநியோக ஏற்பாட்டை நிறுத்துங்கள். மாதாந்தரத் திருத்தம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நம் நாட்டில் அது அன்றிரவு வந்து சேரும். ஒரு வாரம் பொறுத்து, கோளாறு ஏதும் இல்லை என்று தெரிந்தபின், டேட்டா மீதம் உள்ள இரவில், மின்கலத்தை முழுதும் ஏற்றிக்கொண்டு நீங்களே அதைப் போடுங்கள். தேர்வு, விண்ணப்பம் ஆகியவற்றுக்கு முந்தைய வாரத்தில் நிறுத்தி வையுங்கள். முடிந்ததும் மறவாமல் திறந்துவிடுங்கள். முக்கியமான கோப்புகளின் நகல் ஒரு பென்டிரைவில் எப்போதும் இருக்கட்டும். ஆதரவு முடிந்த பழைய மடிக்கணினியை எறியாமல், ஒரு லினக்ஸை நிறுவிப் பாருங்கள். புதுப்பிப்பை அடியோடு முடக்கச் சொல்லிப் பழுது பார்ப்பவரிடம் மட்டும் போக வேண்டாம்.

கருவியைப் பயன்படுத்தக் கற்பதோடு அறிவியல் கல்வி முடிந்துவிடுவதில்லை. அந்தக் கருவி யாருடைய சொல்லைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது, அதன் செலவை யார் தருகிறார் என்று விசாரிப்பதும் அதில் அடங்கும். அடுத்த முறை திரையில் அறிவிப்புக் கட்டம் தோன்றும்போது, அதில் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். வந்திருப்பது ஊசியா, கூரையா என்று பிரித்தறியுங்கள். ஊசி எனில் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கூரை எனில், நேரம் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.